மிச்சம் பிடித்தவருக்கு என்ன மிச்சம்?

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்ல லீனியர் புரோகிராமிங் கணக்கு போட்டிருப்பீங்க. ஷேடோ பிரைஸ்னா என்னன்னு பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் கம்யூனிச சோவியத் நாட்டுக்காரர் என்பது தெரியுமா? அவர்தான் லியோனித் கான்டொரோவிச்.

1912-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். 18 வயதில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, 22 வயதில் பேராசிரியர் ஆனார். (அந்த வயசுல நாம அரியர் எழுதுறது வேற கதை!)

1938-ல் ஒரு பிளைவுட் ஆய்வகத்தினர் அவரிடம் ஒரு சிக்கலோடு வந்தார்கள். எட்டு இயந்திரங்கள், ஐந்து வகை மரங்கள். எதை எதில் எவ்வளவு நேரம் ஓட்டினால் உற்பத்தி கூடும்? அதற்குக் கண்ட வழி 1939-ல் ஒரு சின்னப் புத்தகமானது. அமெரிக்காவில் டான்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டது 1947-ல்தான்.

விடையோடு கூடவே இன்னொன்றும் கிடைத்தது. ஒரு மணி நேர இயந்திர வேலை வீணானால் எவ்வளவு நஷ்டம் என்று காட்டும் எண். முதலாளியே இல்லாத நாட்டுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து மட்டுமே வரும் என்று நம்பிய திட்ட அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1942-ல் எழுதிய நூல் 1959-ல்தான் அச்சேறியது.

பின்னர் லெனின்கிராடில் ஒரு ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்ட அவருடைய முறையைப் பயன்படுத்தினார்கள். கழிவு நன்றாகக் குறைந்தது. அங்கேதான் வந்தது வினை! பழைய இரும்பு இவ்வளவு அனுப்ப வேண்டும் என்றும் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு இலக்கு இருந்தது. கழிவு குறைந்ததால் அந்த இலக்கு தவறிப்போனது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மிச்சமான இரும்பு நாட்டுக்குச் சொந்தம். தவறிய இலக்கு மட்டும் நிர்வாகிக்குச் சொந்தம். அடுத்த தடவை அவர் மிச்சம் பிடிப்பாரா?

அப்போ கம்யூனிச நாடு ஜெயிக்கவே முடியாதா? 1961-ல் ககாரினை விண்ணுக்கு அனுப்பியதும் இதே நாடுதான். குறிக்கோள் ஒன்றாகவும், பதில் சொல்ல வேண்டியவர் யாரென்று தெளிவாகவும் இருந்த இடத்தில் ஜெயித்தார்கள். சொத்து எல்லாருக்கும், பொறுப்பு யாருக்கும் இல்லை என்றிருந்த இடத்தில்தான் தோற்றார்கள்.

கான்டொரோவிச் கடைசிவரை திட்டமிடலைக் கைவிடவில்லை. சரியான விலை தெரிந்தால் ஒவ்வொரு தொழிற்சாலையும் பொறுப்போடு முடிவெடுக்கும் என்று நம்பினார். 1975-ல் கூப்மன்ஸுடன் சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றார். 1986-ல் இறந்தார். ஐந்தே வருடத்தில் அந்த நாடும் இல்லாமல் போனது.

அடுத்த தடவை சிம்ப்ளெக்ஸ் டேபிள்ல ஷேடோ பிரைஸ் வந்தா, விடையை எழுதிட்டு இதையும் கேட்டுப் பாருங்க: இந்த நஷ்டத்துக்கு யார் பதில் சொல்லணும்?