ரவி வர்மா வெளிச்சத்தை எங்கே கற்றார்? அவருடைய வானத்தை வரைந்தது யார்?

திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் நீங்களும் ஒரு படம் எடுத்திருப்பீர்கள். கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த வானம், போனில் பார்த்தால் சப்பென்று இருக்கும். அதையே வரைந்து பார்த்தால் ஏமாற்றம் இன்னும் அதிகம். எவ்வளவு மஞ்சள் பூசினாலும் சூரியன் எரியாது.

காரணம் எளிது. வண்ணத்துக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. சுற்றியிருக்கும் இருட்டுதான் அதை வெளிச்சமாகக் காட்டுகிறது. இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள, 160 ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒரு பையன் பெரும்பாடு பட்டான். அவர்தான் ராஜா ரவி வர்மா.

சொல்லித் தர ஆள் இல்லையா?

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29இல் கிளிமானூரில் பிறந்தார். தாய்மாமன்தான் முதல் ஆசிரியர். அவர் வரைந்தது தஞ்சாவூர் பாணியில். நம் வீட்டுத் தஞ்சாவூர் படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் வெளிச்சம் தங்கத் தகட்டிலிருந்து வருகிறது. விளக்கு எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்ற கேள்வியே அங்கே எழாது.

1862இல், 14 வயதில், மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வந்தார். மகாராஜா ஆயில்யம் திருநாளின் ஆதரவு கிடைத்தது. அங்கேதான் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பார்த்தார். எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். அதனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாகக் குழைத்துக்கொண்டே போகலாம்.

ஆனால் அந்த வித்தை தெரிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித் தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சில நுணுக்கங்களைக் காட்டினார் என்கின்றன ரவி வர்மாவின் வரலாற்று நூல்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

பார்த்தே கற்றார். ஐந்தே ஆண்டுகளில், 1873இல், அவருடைய ஓவியம் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கியது.

அப்போ அந்த வானம் யாருடையது?

ரவி வர்மா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மனிதர்கள்தான்: தமயந்தி, சகுந்தலை, சரஸ்வதி. அவர்களுக்குப் பின்னால் இருக்கும் மரம், மலை, மேகம்?

அங்கேதான் வருகிறார் தம்பி சி. ராஜ ராஜ வர்மா. 1860இல் பிறந்தவர், அண்ணனைவிட 12 வயது இளையவர். நிலக்காட்சிதான் அவருடைய பலம். அண்ணனோடு ஊர் ஊராகப் போனார், கணக்கு வழக்கு பார்த்தார், பல ஓவியங்களின் பின்னணியை வரைந்தார். 1895 முதல் ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதினார். இருவரும் எப்படி வேலை செய்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்தக் குறிப்புகளால்தான்.

இதுல நமக்கு என்ன இருக்கு?

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்குப் போனால், 1899இல் வரையப்பட்ட 'ஹம்ச தமயந்தி'யைத் தேடிப் பாருங்கள். 1935இல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடத்தின் சேகரிப்பு அது. சிவப்புப் புடவையில்தான் கண் முதலில் விழும். அங்கிருந்து தமயந்தியின் பார்வை நம்மை அன்னத்திடம் கொண்டுபோகும். பின்னணி குரலை உயர்த்தாது. அது அடங்கி நிற்பதால்தான் சிவப்பு பேசுகிறது.

உங்கள் அஸ்தமனப் படத்துக்கும் இதே கணக்குதான். மிகப் பிரகாசமான இடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்குங்கள். அடிவானக் கோட்டைச் சரிபாதியில் வைக்காமல் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். வானமா கடலா, எது கதை என்று முதலிலேயே முடிவெடுங்கள். நிழலுக்கு வெறும் கறுப்பு வேண்டாம். வெளிச்சம் ஆரஞ்சு என்றால் நிழலில் நீலம் கலந்து பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால், எது வெளிச்சம், எது இருட்டு என்று பளிச்சென்று பிரிந்து தெரியும்.

தம்பி 1905இல் இறந்தார். அடுத்த ஆண்டே, 1906 அக்டோபர் 2இல், கிளிமானூரில் ரவி வர்மாவும் காலமானார். அண்ணன் பெயர் காலண்டர் வரை வந்துசேர்ந்தது. தம்பி பெயர் ஓவியம் படித்தவர்களைத் தாண்டி அதிகம் வரவில்லை.

அடுத்த முறை ஒரு ரவி வர்மா படத்தின் முன்னால் நின்றால், முகத்தைப் பார்த்து முடித்த பிறகு ஒரு நிமிடம் பின்னால் இருக்கும் வானத்தையும் பாருங்கள். அது தம்பி வரைந்ததாக இருக்கலாம்.