அஞ்சுவது அஞ்சிய வேதநாயகர்

இறைவனுக்கு அஞ்சி ஒழுகுதல் கிறித்தவ வாழ்வின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. அது தண்டனைக்கு நடுங்கும் அடிமையின் அச்சம் அன்று; தந்தையின் உள்ளம் நோகுமே எனத் தயங்கும் மகனின் அச்சம். ஆலயத்தில் முழந்தாட்படியிடும் வேளையில் அவ்வச்சம் எவர்க்கும் எளிதில் வாய்க்கும். ஆலயப் படி இறங்கி அலுவலிலும் அங்காடியிலும் இல்லத்திலும் புகுந்த பின்னர் அது உடன் வருகின்றதா என்பதிலேதான் ஒருவரது சமயம் சோதிக்கப்படுகின்றது. அச்சோதனையில் நின்று வென்றவர், தமிழின் முதல் நாவலாசிரியர் எனப் போற்றப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826 அக்டோபர் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தமிழோடு ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் அமர்ந்தார், பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். முப்பது வயதை ஒட்டிய பருவத்தில் முன்சீப் பதவி அவரைத் தேடி வந்தது. தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களில் பணியாற்றிய பின் மாயூரத்திற்கு வந்தார். அவ்வூரின் பெயரே அவர் பெயரின் முன்னடையாக நிலைத்துவிட்டது.

காவிரிப் படுகையின் முன்சீப் நீதிமன்றம் மனித மனத்தின் ஆசைகள் அனைத்தும் வந்து குவியும் இடமாகும். நிலத்தகராறு, கடன்முறி, பாகப்பிரிவினை என அங்கு வரும் வழக்குகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் வாழ்வோ வீழ்ச்சியோ காத்திருக்கும். அந்நாளில் கைக்கூலி என்பது வெட்கப்படுதற்குரிய ஒன்றாகப் பலராலும் கருதப்படவில்லை. காணிக்கை என்னும் நல்ல பெயர் தாங்கியும் அது வீடு தேடி வரும். வாங்குவோரும் கொடுப்போரும் மட்டுமே அறிந்த இச்செயலைத் தடுக்கச் சட்டத்தால் முழுதும் இயலாது. காண்போர் எவரும் இல்லாவிடத்தும் காண்பவன் ஒருவன் உளன் என்னும் உணர்வு ஒன்றே அதற்குக் காவல். வேதநாயகர் அவ்வுணர்வைத் தம் பணிக்குக் காவலாகக் கொண்டார்.

1859-இல் வெளிவந்த அவரது நீதிநூல் இதற்குச் சான்று. இறைவாழ்த்தில் தொடங்கும் அந்நூல், அரசர் முதல் குடும்பத்தார் வரை பலர்க்கும் உரிய கடமைகளை வகுத்துரைக்கின்றது. கைக்கூலிக்கெனத் தனி அதிகாரமே அதில் உண்டு. நீதி இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவர் தம் துறையின் நோயையே பெயர் சுட்டிப் பாடியது எளிய செயல் அன்று. பாடிய பின்னர் அவருடைய தீர்ப்புகள் ஒவ்வொன்றையும் அந்நூலே எதிர்நின்று அளந்திருக்கும். கவிஞர் தம் சொல்லுக்குத் தாமே பிணையாதல் என்பது இதுவே.

நேர்மையான தீர்ப்பு வழங்குதல் மட்டும் போதுமென அவர் அமையவில்லை. ஆங்கிலம் அறியாத குடிமகன், தன்னை ஆளும் சட்டம் இன்னதென்று அறியாமலே வழக்கில் தோற்று நிற்பதை அவர் நாள்தோறும் கண்டார். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் பெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். சட்டத் தமிழின் வரலாற்றில் இந்நூல் முன்னோடி. எளியவனின் அறியாமையை வலியவன் விலைபேசுவது இறைவனுக்கு எதிரான குற்றம் என்று கருதும் மனமே இத்தகைய சலிப்பூட்டும் பெரும்பணியைச் செய்து முடிக்கும்.

மாயூரம் அவர்க்கு அரிய நட்புகளை நல்கியது. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உயிர்நண்பர். குளத்தூர்க் கோவை என்னும் சிற்றிலக்கியத்தை வேதநாயகர்மீது பாடியவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவர்பால் பேரன்பு பூண்டிருந்தனர். ஒரு கத்தோலிக்கரைச் சைவப் புலவர் பாட்டுடைத் தலைவராக்கியதும், ஆதீனத் தலைவர் நண்பராகக் கொண்டதும் அக்காலத் தமிழுலகின் பெருந்தன்மையைக் காட்டுவன. வேதநாயகரும் இந்நட்புகளுக்காகத் தம் சமயத்தை மறைத்தவரல்லர். திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் ஆகியன அவருடைய கத்தோலிக்கப் பற்றைப் பறைசாற்றும்.

அவ்வாறாயின், 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் எச்சமயத்துக்கும் உரிய திருநாமத்தைக் கூறாமல் பொதுவாகவே கடவுளைப் பாடியது ஏன் என்னும் வினா எழும். கொண்ட சமயத்தில் உறுதி தளர்ந்ததன் அடையாளமாக அதனைக் கருதுவாரும் உண்டு. அவருடைய நீதிப்பணியோடு சேர்த்து நோக்கினால் வேறொரு விடை புலப்படுகின்றது. வழக்குமன்றத்தில் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் உண்மை உரைப்பதாக உறுதி கூறினர். உறுதி கூறுவோர் பலராயினும் பொய்யுரைக்க அஞ்ச வேண்டிய அச்சம் ஒன்றே. அவ்வச்சத்தை அனைவர் நெஞ்சிலும் எழுப்பவல்ல பாட்டைத் தேடியவர் அனைவர்க்கும் பொதுவான சொல்லை நாடினார் எனக் கொள்வதே பொருந்தும். சமயப் பற்று அவரிடம் மதிலாகாமல் வாயிலாயிற்று.

அக்கீர்த்தனைகளின் பொருட்பரப்பு வியப்புக்குரியது. துதியும் நன்றியும் வேண்டுதலும் மட்டுமன்றி உத்தியோகம், வழக்கு, குடும்பம் முதலிய அன்றாடச் செய்திகளும் அங்குப் பாடுபொருள்களாகின்றன. அலுவல் பார்ப்பவன் அலுவலுக்கிடையிலும், இல்லறத்தான் இல்லத்திலும் இறைவனை எண்ண இடந்தரும் பாடல்கள் அவை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் எளிய சொற்களால் இயன்ற அவற்றுட் சில இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. பாடுவோரும் கேட்போரும் பாடியவரின் சமயத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. அவர் விரும்பியதும் அதுவே போலும்.

1872-இல் அவர் அரசுப்பணியினின்று ஓய்வு பெற்றார். பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் ஊர்க்கு உழைத்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அவருடைய இறையச்சத்திற்கு இறுதித் தேர்வாக வந்தது. உண்ணச் சோறின்றி மக்கள் மடிந்தபோது அவர் தம் பொருளை வாரி வழங்கினார். கஞ்சி வார்த்து உயிர்களைக் காத்தார். இறைவனை நோக்கிப் பஞ்சம் தீர்க்க வேண்டிக் கீர்த்தனைகளும் பாடினார். கை கொடுத்துக்கொண்டிருக்கையில் வாய் வேண்டியது. அதனாலேயே அவ்வேண்டுதல் வெற்றுச் சொல்லாகவில்லை. அக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை ஒன்று இயற்றினார். மனிதரைப் பாடாத இயல்பினர் பாடிய பாட்டு என அதனைப் புலவருலகம் சிறப்பித்துப் பேசும்.

பெண்டிரைக் கல்லாமையில் நிறுத்துவதும் இறைவன் படைப்பை இழிவுசெய்வதாகவே அவர்க்குத் தோன்றியது. 1869-இல் பெண்மதி மாலை எழுதிப் பெண்கல்விக்கு வாதாடினார். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் அவ்வாதமே ஞானாம்பாளாக உருக்கொண்டது. ஆணுடையில் விக்கிரமபுரியின் அரசுரிமை ஏற்று அவள் நீதி வழங்கும் பகுதி, நேர்மையான முன்சீப் ஒருவர் கண்ட கனவாகவே விளங்குகின்றது. அக்கதைமாந்தர் கிறித்தவரல்லர், ஆயினும் அவர்கள் நெஞ்சில் நடமாடும் இறையச்சம் ஆசிரியர் நெஞ்சிலிருந்து சென்றதே. 1887-இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலையும் அளித்து, 1889 சூலை 21-ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்று. அவர் காலத்து வழக்குகளும் வழக்காடியோரும் மறைந்தனர். சமயப் பாடல் என்றாலே ஆலயத்திற்குள் ஒலிப்பது என்னும் எண்ணம் கவிஞரிடையே இன்னும் உண்டு. வழக்குக் கட்டும் கஞ்சிக் கலயமும் கூட வழிபாட்டின் பொருள்களாகலாம் என்று காட்டியவர் வேதநாயகர். எழுதிய சொல் எழுதியவரையே தீர்ப்பிடும் என்னும் அச்சத்தோடு எழுதுகோலைத் தொடுதலே அவரை நினைவுகூரும் தகுதியான முறையாகும்.