எண்ணெய் இருந்தது, ஆலையும் இருந்தது... மொசாதெக் ஏன் வீழ்ந்தார்?

மண்ணுக்கடியில் எண்ணெய் இருந்தால் நாட்டுக்குக் கவலையே இல்லை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது அவ்ளோ சுலபம் இல்லை என்பதற்கு ஈரானின் முன்னாள் பிரதமர் முகமது மொசாதெக்கின் வாழ்க்கையே சாட்சி.

யார் இவர்?

1882-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பி அமைச்சர், ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர் என வளர்ந்தார்.

என்ன பிரச்சினை?

ஈரானில் 1908-ல் எண்ணெய் கிடைத்தது. எடுக்கும் உரிமை பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் கையில். இன்றைய பிபி-தான் அது. அந்த நிறுவனம் அபாதானில் கட்டிய சுத்திகரிப்பு ஆலை 1912-ல் ஓடத் தொடங்கி, பின்னர் உலகிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. கச்சா எண்ணெய் அங்கேதான் பெட்ரோலாகவும் மண்ணெண்ணெயாகவும் மாறியது. ஆனால் லாபம்? 1940-களின் இறுதியில் ஈரானுக்குக் கிடைத்த பங்கைவிட, பிரிட்டன் அரசுக்கு நிறுவனம் கட்டிய வரியே அதிகம்!

மொசாதெக் என்ன செய்தார்?

1951 மார்ச்சில் எண்ணெய்த் துறையை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முன்னின்ற மொசாதெக், அடுத்த மாதமே பிரதமரானார். அக்டோபரில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் அபாதானைவிட்டு வெளியேறினார்கள். ஆலை அவ்ளோதான் என்று பேசப்பட்டது. ஆனால், உள்நாட்டுத் தேவைக்கான அளவுக்கு ஈரானியர்களே அதை ஓட்டிக் காட்டினார்கள்.

அப்புறம் எங்கே சறுக்கல்?

விற்பதில்தான். டேங்கர் கப்பல்களும் சந்தையும் அந்நியக் கம்பெனிகள் வசம் இருந்தன. ஈரான் எண்ணெயைத் தொட யாரும் தயாரில்லை. 1952-ல் துணிந்து ஏற்றிச் சென்ற ரோஸ் மேரி என்ற கப்பலையும் பிரிட்டன் ஏடனில் மடக்கியது. ஈரான் விட்ட இடத்தை சவுதி, குவைத், இராக் எண்ணெய் நிரப்பியது. இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னது ஈரானுக்கு வெற்றிதான். ஆனால் கஜானா காலி.

முடிவு?

1953 ஆகஸ்ட் 19-ல் ஆட்சிக் கவிழ்ப்பு. பின்னணியில் அமெரிக்காவும் பிரிட்டனும். தன் பங்கை சிஐஏ 2013-ல் ஒப்புக்கொண்டது. மொசாதெக்குக்கு மூன்றாண்டு சிறை. பிறகு அகமதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவல். 1967-ல் காலமானார். பொது இறுதிச்சடங்குக்கு அனுமதி இல்லாததால் வீட்டுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1954 ஒப்பந்தப்படி அந்நியக் கம்பெனிகள் கூட்டாகத் திரும்பி வந்தன. எண்ணெய் ஈரானுக்கே சொந்தம் என்பது மட்டும் காகிதத்தில் மிச்சமானது. அந்தச் சட்டம் வந்த நாள் ஈரானில் இன்றும் பொது விடுமுறை.