எந்திரத்துக்கு ஏடெழுதிய ஏடா



நம் திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று நெசவை நம்பி வாழும் ஊர்கள் உள்ளன. ஆகவே தறியின் ஓசை நமக்குப் புதியதன்று. ஆனால் சேலையின் கரையிலும் முந்தியிலும் மயிலும் மாங்காயும் எவ்வாறு பிசகாமல் வந்து விழுகின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தறியின் தலைமேல் ஜக்கார்டு என்னும் கருவி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும்; துளை இல்லாத இடத்தில் தடைப்படும். அதற்கேற்பப் பாவு நூல்களில் சில மேலெழும், சில எழா. இக்கருவியைப் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு அமைத்தார். அட்டைகளை ஒருமுறை செய்துவிட்டால் எத்தனை சேலைக்கும் அதே பூ விழும். நூலின் நிறத்தை மாற்றினாலும் பூவின் வடிவம் மாறாது. இன்று அட்டைக்குப் பதிலாகக் கணினிக் கோப்பைப் படித்து நெய்யும் ஜக்கார்டுகளும் வந்துவிட்டன.

இந்தத் துளையட்டைக்குள் இருக்கும் பேருண்மையைக் கண்டு, கணக்கிடும் எந்திரத்துக்குக் கட்டளை எழுதிக் காட்டிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவரே ஏடா லவ்லேஸ் சீமாட்டி.

இளமை

ஏடா 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை, புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. தாயார் அன்னபெல்லா, கணிதத்தில் பற்று மிக்கவர். குழந்தை பிறந்த ஒரு மாதத்திலேயே பெற்றோர் பிரிந்தனர். இங்கிலாந்தைவிட்டுச் சென்ற பைரன், 1824இல் கிரேக்க நாட்டில் உயிர் துறந்தார். தந்தையின் முகத்தை அறியாமலே ஏடா வளர்ந்தார்.

கணவரின் கட்டற்ற இயல்பு மகளிடமும் தலைகாட்டுமோ என்று அஞ்சிய தாயார், அவருக்கு இளமை முதலே கணக்கும் அறிவியலும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. ஆனால் கற்பனையைக் கட்டிப்போட முடியுமா? பன்னிரண்டு வயதில் ஏடாவுக்குப் பறக்கும் ஆசை வந்தது. பறவைகளின் சிறகையும் உடலையும் ஆராய்ந்து, செயற்கைச் சிறகுகள் செய்யத் திட்டமிட்டார். 1829இல் தட்டம்மை கண்டு கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கையில் கிடந்து, பின்பு ஊன்றுகோலின் துணையால் நடை பயின்றார். அப்போதும் படிப்பை விட்டாரில்லை.

கல்வியும் நட்பும்

1833ஆம் ஆண்டு, தமது பதினேழாம் வயதில், சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதையை ஏடா சந்தித்தார். பாபேஜ் உருவாக்கி வந்த கணக்கிடும் எந்திரத்தின் ஒரு பகுதியை மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஏடாவோ அதன் உட்பொருளை அறிய விரும்பினார். அறிவியல் நூல்கள் எழுதிய மேரி சாமர்வில் அம்மையார் அவருக்கு ஆசிரியராகவும் தோழியாகவும் விளங்கினார். 1834இல் தாயும் மகளும் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது துளையட்டைகளால் இயங்கும் தறிகளையும் கண்டனர்.

1835இல் ஏடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் 1838இல் லவ்லேஸ் பிரபு ஆனதால் இவரும் லவ்லேஸ் சீமாட்டி எனப்பட்டார். மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னும் கல்வி ஆர்வம் தணியவில்லை. 1840இல் அகஸ்டஸ் டி மார்கன் என்பாரிடம் கடிதங்கள் வாயிலாக உயர்கணிதம் கற்கலானார். கணங்களைப் பற்றிய பாடத்தில் நாம் படிக்கும் டி மார்கன் விதிகள் இவர் பெயராலேயே வழங்குகின்றன. அவர் 1806இல் பிறந்த ஊர் நம் மதுரை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி!

அழியாப் பணி

இதற்கிடையே பாபேஜ் இன்னும் பெரிய எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். பகுப்பாய்வு எந்திரம் என்று அதனைத் தமிழில் கூறலாம். எண்களை வைத்திருக்க ஒரு களஞ்சியமும், கணக்கைச் செய்ய ஓர் ஆலையும் அதில் இருக்கும். கட்டளைகளைத் துளையட்டைகள் கொண்டு செல்லும். இத்தாலி நாட்டுப் பொறியாளர் மெனாபிரியா 1842இல் இதுபற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததோடு, தம் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டன! 1843இல் அவை அச்சேறியபோது தம் முழுப் பெயரை இடாமல் முதலெழுத்துக்களை மட்டுமே இட்டார்.

அக்குறிப்புகளின் சிறப்பு யாது? இன்ன செயலைச் செய் என்பதை ஒருவகை அட்டை கூறும்; இன்ன இடத்திலுள்ள எண்ணை எடு என்பதை வேறொரு வகை அட்டை கூறும். செயல் வேறு, அதற்கு இடப்படும் பொருள் வேறு. ஆகவே ஒரு கணக்குக்கென எழுதிய செயல் வரிசையை வேறு எண்களுக்கும் பயன்படுத்தலாம். செய்ததையே திரும்பச் செய்யவேண்டிய இடத்தில், அதே அட்டைகளை மீண்டும் சுற்றி வரச் செய்தால் போதும். இதனை ஏடா தெளிவாக விளக்கினார். எண்களை மட்டுமன்றி, விதிகளுக்கு உட்படும் இசை போன்றவற்றையும் இத்தகைய எந்திரம் கையாளக்கூடும் என்று கண்டது அவரது தொலைநோக்கு.

பெர்னூலி எண்கள் என்னும் எண் வரிசையில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தியவற்றைக் கொண்டே காண வேண்டும். அதனை எந்திரம் செய்ய வேண்டிய முறையை 25 செயல்கள் கொண்ட அட்டவணையாக அவர் வெளியிட்டார். உலகின் முதற் கணினி நிரல் இதுவே என்பர் பலர். பாபேஜ் முன்னரே சிறு நிரல்கள் எழுதியிருந்தார் என்று கூறி மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், அதுவரை அச்சில் வந்தவற்றுள் இத்துணை விரிவாக வேறொன்றும் இல்லை.

அந்த அட்டவணையிலும் ஒரு பிழை உண்டு. நான்காம் செயலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிவிட்டன. எழுதும்போது நேர்ந்ததோ அச்சில் நேர்ந்ததோ, எந்திரத்துக்கு எல்லாம் ஒன்றே. தணிகைமலையின் 365 படிகளில் ஒன்று பெயர்ந்திருந்தால் ஏறுபவர் பார்த்துத் தாண்டிப் போவார். எந்திரத்துக்கோ தாண்டத் தெரியாது. எழுதியபடியே செய்து, ஒவ்வொரு முறையும் தவறான விடையையே தரும்.

இறுதி நாள்கள்

அந்த எந்திரம் முழு உருப்பெறவே இல்லை. தம் குறிப்புகள் இயங்குவதை ஏடா காணவும் இல்லை. பிற்காலத்தில் குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்து கடன்பட்டார். புற்றுநோயால் பெருந்துன்பம் அடைந்து, 1852ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள், தந்தை இறந்த அதே 36ஆம் வயதில் காலமானார். அவருடைய விருப்பப்படி, தாம் அறியாத தந்தையின் அருகிலேயே, ஹக்னால் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

எழுதி வைத்தவை மட்டும் காத்திருந்தன. ஒருமுறை செய்த அட்டைகளைச் சேர்த்து வைத்தால் எந்திரத்துக்கென ஒரு நூலகமே அமையும் என்று பாபேஜ் 1864இல் எழுதினார். அது நனவாக ஏறக்குறைய 85 ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் கட்டளைத் தொகுதிகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் எழுதி அலமாரியில் அடுக்கி வைத்தனர். வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தினர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கணினி மொழிக்கு ஏடா எனப் பெயரிட்டு, 1980இல் அதன் தர எண்ணிலும் அவர் பிறந்த 1815ஐப் பொறித்தது.

நமக்கு அவர் காட்டும் வழி

இன்று செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்கு நாம் தமிழிலேயே கட்டளை எழுதலாம். ஒரே வேலையை நாள்தோறும் புதிதாகச் சொல்லாமல், முறையை ஒரு கோப்பில் எழுதி வைத்து மீண்டும் மீண்டும் கொடுக்கிறார்கள். இது ஏடாவின் செயலட்டையேயன்றி வேறென்ன? பாடத்தை வினாவிடையாக மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். எத்தனை வினாக்கள், எந்த வடிவம், எந்த வகுப்புக்கு உரிய நடை, மாதிரியாக ஒரு வினாவும் விடையும் ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். பாடம் மட்டும் அவ்வப்போது தனியே தரப்படும். அறிவியல் பாடத்தின் பெயரைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டால், வரலாற்றுப் பாடத்துக்கு அது உதவாது.

ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. பாபேஜின் எந்திரம் சொன்னதை மட்டுமே செய்யும். இன்றைய உதவியாளரோ நாம் சொல்லாமல் விட்ட இடத்தைத் தானே ஊகித்து நிரப்பும். அது பல நேரம் பொருந்தும். சில நேரம் பொய்யாகும். ஆகவே பாடத்தில் இல்லாததைச் சேர்க்கலாகாது, விடை கிடைக்காவிடில் கிடைக்கவில்லை என்றே கூறவேண்டும் என்பவற்றையும் எழுதிவைத்தல் நன்று. எழுதினாலும் சில வேளை அது வழுவக்கூடும். எனவே நாம் நன்கறிந்த ஒரு பாடத்தைக் கொடுத்துச் சோதித்த பின்னரே தோழியருக்குக் கோப்பை வழங்க வேண்டும். ஒரு தாளில் செய்த பிழை ஒருவரோடு போகும். கட்டளைக் கோப்பில் விட்ட பிழை அதை எடுத்தாளும் அனைவரையும் சேரும்.

படுக்கையில் கிடந்தும் படித்தவர், மூன்று குழந்தைகளின் தாயான பின்னும் மாணவியாக அமர்ந்தவர், இல்லாத எந்திரத்துக்கும் பொறுமையோடு ஏடெழுதியவர் ஏடா. தெளிவாக எண்ணுவோம், விடுபடாமல் எழுதுவோம், எழுதியதைச் சரிபார்ப்போம். அவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.