பரணில் படுத்த மாணவர்

மலருக்கு யாராவது ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, எனக்கு உடனே ஏ. லியான் ஹிக்கின்பாதம் ஞாபகம்தான் வந்தது. ஹாஸ்டலில் இடம் கேட்டு நடையாய் நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர் கதையும் ஹாஸ்டலில்தான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1928-ல் பிறந்த கறுப்பினத்தவர். தாயார் வீட்டு வேலை செய்தவர், தகப்பனார் ஆலைத் தொழிலாளி. 1944-ல், 16 வயதில், இன்ஜினீயரிங் படிக்க பர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சுமார் 6,000 வெள்ளை மாணவர்கள். கறுப்பின மாணவர்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஹாஸ்டல் கிடையாது, ஒரு வீட்டுப் பரணில் படுக்கை. கணப்பு வசதி இல்லை. உறைபனிக் குளிரில் ஷூவைக் கழற்றாமல், காதை மூடிக்கொண்டு தூங்க வேண்டும். தாங்க முடியாமல் பையன் நேரே பல்கலைக்கழகத் தலைவரிடமே போய்விட்டார். ஹாஸ்டலில் ஒரு மூலை போதும் என்று கேட்டார். உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, இஷ்டமில்லாவிட்டால் போகலாம் என்று பதில் வந்தது.

போய்விட்டார். இன்ஜினீயரிங்கையும் விட்டார்! ஆன்டியாக் கல்லூரியில் பட்டம், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம். 1964-ல் ஃபெடரல் நீதிபதி.

நீதிபதியாக இருந்துகொண்டே பாடம் நடத்தினார், பழைய சட்ட ஏடுகளையும் புரட்டினார். 1978-ல் 'இன் தி மேட்டர் ஆஃப் கலர்' என்ற நூல் வந்தது. ஆறு காலனிகளில் அடிமைமுறையைச் சட்டம் எப்படிக் கட்டியது என்பதே விஷயம். நான் சட்டம் படித்தவன். எனக்கே வர்ஜீனியா அத்தியாயம் தூக்கத்தைக் கெடுத்தது. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளையின் அந்தஸ்து தகப்பனைச் சேரும். 1662-ல் வர்ஜீனியா அதை மாற்றி, தாயைச் சேரும் என்றது. எஜமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த குழந்தையும் எஜமானின் சொத்தாயிற்று! 1669-ல் இன்னொரு சட்டம்: தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலைக்குற்றம் ஆகாது. அக்கிரமம் சட்டத்தை மீறி நடக்கவில்லை, சட்டப்படியே நடந்தது.

இந்த ஆராய்ச்சியே அவருக்கு எதிராகவும் திரும்பியது. கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு தொழிற்சங்கத்தின் மீது தொடுத்த வழக்கு 1974-ல் அவரிடம் விசாரணையில் இருந்தது. அவர் கறுப்பர், கறுப்பின வரலாற்று அறிஞர்கள் கூட்டத்தில் வேறு பேசியிருக்கிறார், ஆகவே விலக வேண்டும் என்றது சங்கத் தரப்பு. அவர் விலகவில்லை. வெள்ளைக்கார நீதிபதிகளை யாரும் இப்படிக் கேட்பதில்லையே என்பதை விரிவான உத்தரவாகவே எழுதினார். அந்த உத்தரவை இன்றைய சட்ட மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

1993-ல் ஓய்வுபெற்று ஹார்வர்டில் ஆசிரியரானார். 1996-ல் 'ஷேட்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்ற அடுத்த தொகுதி வந்தது. 1998 டிசம்பர் 14-ல் பாஸ்டனில் காலமானார். அப்போது வயது 70.