மேடையை வென்ற கிளாரா



ஜெர்மனி நாட்டில் லைப்சிக் என்ற ஊரில் 1819 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர் கிளாரா. நாலு வயசு வரைக்கும் அவருக்குப் பேச்சே வரவில்லை. காது கேட்கலையோ என்று வீட்டில் பயந்தார்களாம். அப்பா பியானோ வாத்தியார். ஐந்து வயதில் மகளுக்கும் பாடம் தொடங்கினார். பியானோவில் ஆர்மோனியம் மாதிரியே கட்டைகள் இருக்கும். ஆனால் காற்று கிடையாது. கட்டையை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தி கம்பியைத் தட்டும்.

1828 அக்டோபர் 20. ஒன்பது வயதில் முதல் மேடை. இன்னொரு மாணவியோடு ஒரே பியானோவில் சேர்ந்து வாசிக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்த குதிரை வண்டியில் கிளாரா ஏறிவிட்டார். அது வேறு விருந்துக்குப் போகிற வண்டி! பாதி வழியில்தான் தெரிந்தது. வேறு வண்டி மாறி, அழுதுகொண்டே அரங்குக்கு வந்தார். அப்பா ரொம்பக் கண்டிப்பானவர். ஆனால் அன்றைக்குத் திட்டவில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தோடு காத்திருந்தார். முதல் தடவை மேடை ஏறுகிறவர்களை எப்பவும் இப்படித்தான் வேற இடத்துக்குக் கூட்டிப்போவாங்க, அதைச் சொல்ல மறந்துட்டேன் என்றாராம். கிளாரா நன்றாக வாசித்தார். கைதட்டல் கிடைத்தது.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். பிரேயரில் குறள் சொல்லும்போதே எனக்குக் கால் நடுங்கும். பயப்படாதே என்று அதட்டினால் பயம் கூடத்தான் செய்யும். எல்லாருக்கும் இப்படித்தான் என்று தெரிந்தால் மனசு லேசாகிவிடும்.

1840-இல் ராபர்ட் ஷூமன் என்ற இசையமைப்பாளரை கிளாரா மணந்தார். 1848-இல் மூத்த மகள் மேரியின் பிறந்தநாளுக்காக ராபர்ட் சின்னச் சின்னப் பாட்டுகள் எழுதினார். அது 43 பாட்டுகள் கொண்ட புத்தகமாக வளர்ந்தது. பியானோ பழகும் பிள்ளைகள் இன்றும் அதை முதல் மேடையில் வாசிக்கிறார்கள்.

1856-இல் ராபர்ட் இறந்தார். கிளாரா கச்சேரி செய்தே பிள்ளைகளை வளர்த்தார். 1878 முதல் பிராங்பர்ட் இசைக் கல்லூரியில் பாடம் சொல்லித் தந்தார். 1891 வரை, 60 வருஷத்துக்கு மேல் மேடையில் வாசித்தார். அவ்வளவு பெரிய மேதைக்கும் மேடைப் பயம் இருந்ததாம்! 1896 மே 20 அன்று காலமானார். யூரோ வரும் முன்பு ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் படம் இருந்தது.

நம்ம ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புத் தங்கச்சிகள் முதல் தடவை ஆடப் போகிறார்கள். திரைக்குப் பின்னால் நிற்கும் அக்காக்களே, அவர்களை அதட்டாதீங்க. கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுங்க. நமக்கும் கால் நடுங்கிய கதையைச் சொல்லுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி