ஜப்பான் மருமகன், இந்தியப் புரட்சியாளர்: சிங்கப்பூர் அதிகம் பேசாத ராஷ் பிகாரி போஸ் யார்?

ஜப்பானுக்குப் போய் வேலை பார்க்க வேண்டும், முடிந்தால் அங்கேயே குடும்பம் நடத்த வேண்டும் என்று ஆசைப்படும் இளையர்கள் சிங்கப்பூரில் உண்டு. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையை விட்டால் அங்கே வேறு என்ன செய்யலாம்? மொழி கைகொடுக்குமா? அங்கேயே கல்யாணம் ஆனால் நம் ஊர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? இவையெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்விகள்.

நூறு ஆண்டுக்கும் முன்பு இந்தக் கேள்விகள் எதையும் கேட்க நேரமில்லாமல் ஜப்பானுக்குக் கப்பலேறியவர் ராஷ் பிகாரி போஸ். அந்த நாடு அவருக்கு உயிர், மனைவி, தொழில் மூன்றையும் கொடுத்தது. அதற்கான விலையை அவர் கொடுத்த இடம் சிங்கப்பூர்.

ஏன் ஊரை விட்டுப் போனார்?

1886ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி வங்காளத்தின் சுபல்தஹா கிராமத்தில் பிறந்தவர் ராஷ் பிகாரி. டேராடூன் வன ஆய்வு நிலையத்தில் தலைமை எழுத்தராக வேலை. வெளிப்பார்வைக்குச் சாதாரண அரசாங்க ஊழியர்.

1912 டிசம்பர் 23ஆம் தேதி டெல்லி சாந்தினி சௌக்கில் யானை மேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ் பிரபு மீது குண்டு வீசப்பட்டது. வைஸ்ராய் காயத்தோடு தப்பினார். உடன் வந்த பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். திட்டம் போட்டது ராஷ் பிகாரி. ஆனால் அவரோ இரவோடு இரவாக டேராடூன் திரும்பி, வழக்கம்போல் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாக்குதலைக் கண்டிக்க ஒரு கூட்டத்தையும் நடத்தினார்!

1915 பிப்ரவரியில் இந்தியப் படைமுகாம்களில் ஒரே நேரத்தில் கலகம் தொடங்க கதர் இயக்கத்தோடு சேர்ந்து திட்டமிட்டார். உளவாளி ஒருவர் காட்டிக்கொடுக்க, அது கலைந்தது. தோழர்கள் பலர் பிடிபட்டனர்.

அதே மாதம் 15ஆம் தேதி சிங்கப்பூரில் 5ஆவது இலகு காலாட்படை கலகத்தில் இறங்கியது. கதர் பிரசாரமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கலகம் ஒடுக்கப்பட்டபின் 47 இந்தியச் சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்தியாவில் இருந்தால் தன் கதியும் அதுதான் என்பது ராஷ் பிகாரிக்குத் தெரிந்திருக்கும்.

எப்படித் தப்பினார்?

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் நோபெல் பரிசு பெற்றுப் புகழின் உச்சியில் இருந்த நேரம் அது. தாகூரின் உறவினர், அவருடைய ஜப்பான் பயணத்துக்கு ஏற்பாடு செய்யப் போகிறவர் என்று சொல்லிக்கொண்டு, பி.என். தாகூர் என்ற பெயரில் 1915 மே 12ஆம் தேதி கல்கத்தாவில் சனுகி மாரு கப்பலில் ஏறினார் ராஷ் பிகாரி. ஜூன் மாதம் கோபே துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 29. ஜப்பானிய மொழி தெரியாது. கையில் வேலை கிடையாது.

பிரிட்டனும் ஜப்பானும் அப்போது கூட்டாளிகள். பிரிட்டனின் நெருக்குதலால், அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு உத்தரவு வந்தது. போனால் தூக்குக் கயிறு நிச்சயம்.

தோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரத்தில் நகமுராயா என்று ஒரு ரொட்டிக் கடை. உரிமையாளர் சோமா ஐஸோ, மனைவி கொக்கோ. நாளிதழில் செய்தியைப் படித்த சோமா, இவரை நம் கடையில் ஒளித்து வைத்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொல்ல, அது செல்வாக்குமிக்க தேசியவாதி தோயாமா மிட்சுருவின் காதுக்குப் போனது. தோயாமா வீட்டு வாசலில் போலிஸ் காத்திருக்க, ராஷ் பிகாரி வேறு வழியாக வெளியேறி ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கல்யாணம் எப்படி நடந்தது?

அடுத்த ஆண்டு ஜப்பானிய அரசாங்கத்தின் பிடி தளர்ந்தது. ஆனால் பிரிட்டிஷ் உளவாளிகள் விடவில்லை. வீடு மாறிக்கொண்டே இருந்தார். கூடவே இருந்து பாதுகாக்க ஜப்பானிய மனைவி வேண்டும் என்று நினைத்தார் தோயாமா. சோமா தம்பதியின் மகள் தோஷிகோவைக் கேட்டார்.

பெற்றோர் தயங்கினர். எந்த நேரமும் பிடிபடலாம் என்ற ஆளுக்குப் பெண்ணைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? முடிவைத் தோஷிகோவிடமே விட்டார்கள். யோசித்துவிட்டுச் சம்மதம் சொன்னார் அவர். 1918இல் ஆரவாரமில்லாமல் கல்யாணம் முடிந்தது. மாசாஹிதே என்ற மகனும் தெத்சுகோ என்ற மகளும் பிறந்தனர். 1923இல் ராஷ் பிகாரி ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். ஒளிந்து வாழும் காலம் அதோடு முடிந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. 1925இல் தோஷிகோ நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். 30 வயதைக்கூட அவர் எட்டவில்லை. ராஷ் பிகாரி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பிழைப்புக்கு என்ன செய்தார்?

ஜப்பானிய மொழியைக் கற்று, அதிலேயே இந்தியாவைப் பற்றி எழுதினார், மேடைகளில் பேசினார். இன்னொரு வேலை, சமையல் தொடர்பானது.

ஜப்பானியர்களுக்கு அப்போது தெரிந்த கறி, ஆங்கிலேயர் வழியாக வந்தது. மாவு கலந்து கெட்டியாக்கியது. எங்கள் ஊர்க் கறி இது இல்லை என்பது ராஷ் பிகாரியின் குறை. மாமனார் 1927இல் உணவகம் திறந்தபோது, எலும்போடு கூடிய கோழியும் மசாலாவும் சேர்ந்த இந்தியக் கறியை அதில் அறிமுகம் செய்தார். விலை அதிகம். இருந்தும் கூட்டம் வந்தது. நகமுராயாவில் அந்தக் கறி இன்றும் கிடைக்கிறது.

சரி, சிங்கப்பூரில் என்ன ஆச்சு?

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகள் திரட்டப்பட்டனர். இந்திய தேசிய ராணுவம் உருவாக அங்கேதான் வழி பிறந்தது. தளபதி மோகன் சிங்.

ராஷ் பிகாரி மார்ச் மாதம் தோக்கியோவிலும் ஜூனில் பேங்காக்கிலும் மாநாடுகள் நடத்தி, இந்திய சுதந்திர லீக்கின் தலைவரானார். 27 ஆண்டுக் காத்திருப்புக்குப் பலன் கிடைத்தது போல் இருந்தது.

ஆனால் இங்குள்ள இந்தியர்கள் பலருக்கு அவர் மீது நம்பிக்கை வரவில்லை. ஜப்பானியக் குடிமகன், ஜப்பான் வீட்டு மருமகன், மகனோ அந்நாட்டு ராணுவத்துக்குப் போகும் வயதில். இவர் யார் பக்கம் பேசுகிறார்? சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. பேங்காக் தீர்மானங்களை ஜப்பான் முறைப்படி ஏற்கவில்லை. ராணுவத்தைத் தன் கருவியாக்கப் பார்க்கிறது என்ற பயமும் பரவியது.

1942 டிசம்பரில் பிளவு வெடித்தது. லீக்கின் செயற்குழுவிலிருந்து மோகன் சிங், கே.பி.கே. மேனன் ஆகியோர் விலகினர். ராஷ் பிகாரி மோகன் சிங்கைப் பதவிநீக்கம் செய்ய, ஜப்பானியர் அவரைக் கைது செய்தனர். சந்தேகம் இன்னும் கூடியது.

ஜப்பானைத் தெரிந்தவர் என்பதால்தான் அவருக்குத் தலைமை வந்தது. அதே காரணத்தால்தான் அந்தத் தலைமை எடுபடவும் இல்லை. அவருக்கு அடைக்கலம் தந்த அதே ஜப்பான், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனது.

ஏன் விலகிக்கொண்டார்?

ஜப்பானின் ஆள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காத தலைவர் தேவைப்பட்டார். உடல்நிலையும் மோசமாகிக்கொண்டிருந்தது. 1943 ஜூலை 4ஆம் தேதி ஆர்ச்சர்ட் வட்டாரத்தின் கேத்தே கட்டடத்தில் திரண்ட கூட்டத்தின் முன், தன்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவரான சுபாஷ் சந்திர போஸிடம் தலைமையை ஒப்படைத்தார் ராஷ் பிகாரி. மறுநாள் பாடாங் திடலில் நேதாஜி படையைப் பார்வையிட்டார். பிறகு தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தனர். அக்டோபரில் அமைந்த தற்காலிக அரசாங்கத்தில் ராஷ் பிகாரிக்கு ஆலோசகர் பொறுப்பு.

1945 ஜனவரி 21ஆம் தேதி தோக்கியோவில் காசநோயால் காலமானார். இந்திய சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஒக்கினாவா போரில் மகன் மாசாஹிதே, ஜப்பானிய ராணுவ வீரராக உயிரிழந்தார்.

இன்று கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு தேசிய நினைவுச் சின்னம். எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்துக்கு நினைவுக்கல் இருக்கிறது. இரண்டிலும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் நேதாஜி. அவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் சிங்கப்பூரில் நடந்த கதை முழுமை பெறும்.